அமரத்தில் வைத்த பாரம்

தம்பியைக் காணவில்லை என்று போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு. பேசியது அவன் மனைவி, வடக்கே அவர்கள் இருக்கிற ரங்கத்திலிருந்து. திங்கட்கிழமை விடியற்காலையில் டிங்கி என்கிற சின்ன மோட்டார் படகில் மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. கூடப் போனவர் அவனுடைய கூட்டாளி, ஒரு தெலுங்குக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பத்து வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே டிங்கிதான். திங்கள் மத்தியானம் காற்று ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் போன் எடுக்கவில்லை.

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கத்தினேன். "வந்துருவாங்கன்னு நெனச்சேன் பெரியத்தான்" என்றாள். நான் கத்தியது தப்பு. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அது என் பிறவிக் கோளாறு, என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

எனக்கு வீடு தெற்கே, குட்வில் எஸ்டேட்டில். பிழைப்பு சாத்தம் பக்கத்தில், ஃபைபர் போட்டுகளைப் பழுது பார்க்கிற ஒரு கொட்டகை. சொந்தமாக இருபத்தாறு அடி டிங்கி ஒன்றும், அதற்கு நாற்பது எச்பி எஞ்சினும் வைத்திருந்தேன். பிக்கப் வண்டி ஒன்றும் உண்டு. கடலோரக் காவல்படைக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்கள் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கடலில் போனவன் என் தம்பி. அவன் எஞ்சின் நின்றால் எங்கே ஒதுங்குவான் என்று எனக்குத் தெரியும். ரங்கத்துக்கு வடகிழக்கே ஒரு சின்னத் தீவு இருக்கிறது, மனிதர் இல்லாதது. அதன் மறைவில் காற்று படாது; ஆழம் குறைவு, காவல்படைக் கப்பல் கிட்டே போகாது. நாங்கள் இரண்டு பேரும் ஒருதடவை அங்கே ஒதுங்கி, பச்சைத் தண்ணீரும் பிஸ்கட்டுமாக ஒரு பகல் முழுக்கக் கிடந்திருக்கிறோம்.

கடல்வழியாகப் போக முடியாது. துறைமுகத்தில் எச்சரிக்கை ஏற்றிவிட்டு, சின்னப் போட்டுகள் எதையும் வெளியே விடவில்லை. ரோடு ஒன்றுதான் வழி. ரோடு என்றால் ஜார்வா ஆதிவாசிகளின் காட்டைத் தாண்டிப் போக வேண்டும். ஜிர்காட்டாங் செக்போஸ்டில் வண்டிகளை நிறுத்திவைத்து, போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் உள்ளே விடுவார்கள். கான்வாய் என்போம். ஒரு நாளைக்குச் சில தடவைதான். கடைசி கான்வாய் மத்தியானத்தோடு சரி, அதை விட்டால் மறுநாள் காலை. என் கணக்கு இவ்வளவுதான்: செவ்வாய் கடைசி கான்வாயைப் பிடித்தால் பொழுது சாய ரங்கத், புதன் விடியும்போது கடலில் இருக்கலாம்.

போட்டை ரோட்டில் கொண்டுபோக எல்லாரும் செய்வது லாரி பிடிப்பது. நான் கேட்ட லாரிக்காரர்கள் அத்தனை பேரும் நாளைக்கு என்றார்கள். நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொட்டகையில் ஒரு ட்ரெய்லர் கிடந்தது. பழைய சேசிஸ் ஒன்றில் இரண்டு சக்கரம் வைத்து நானே வெல்டிங் செய்தது. கொட்டகையிலிருந்து கரைக்கு, அதிகம் போனால் ஒரு கிலோமீட்டர், பிக்கப்பின் பின்னால் கோத்து ஆமை மாதிரி இழுத்துப் போவேன். அதற்கு பிரேக் கிடையாது. இணைப்பு விட்டுப்போனால் பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். அதே ட்ரெய்லரைத்தான் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இழுத்துப்போகத் தீர்மானித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

என் மனைவியின் தம்பி, என் மச்சினன், கூப்பிடாமலே வந்து நின்றான். கொட்டகையில் என்னோடு வேலை செய்கிறவன், நாற்பது வயசு, பேச்சு குறைவு. போட்டை ட்ரெய்லரில் ஏற்றினோம். எஞ்சினை அதன் இடத்திலேயே, பின்பலகையில், முறுக்கிவைத்தோம். பெட்ரோல் கேன் ஆறு, நங்கூரம், கயிற்றுச் சுருள், குடிதண்ணீர், அரிசி. போட்டில் பாதி, பிக்கப்பில் பாதி. மொத்தம் எவ்வளவு எடை என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. போட்டுக்காரனுக்கு எடை என்பது தண்ணீரில் தெரிகிற விஷயம். அந்த டிங்கியைத் தண்ணீரில் ஒற்றைக் கையால் தள்ளிவிடுவேன். ஒற்றைக் கையால் தள்ளுகிற பொருளை எஞ்சின் உள்ள வண்டி இழுக்காதா என்றுதான் என் மூளை வேலை செய்தது.

இன்னொரு அசட்டுத்தனமும் உண்டு, அது இந்தத் தீவில் இருக்கிற எங்களுக்கே உரியது. எந்த வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்று நாங்கள் வண்டியைக் கேட்பதில்லை. சாத்தத்திலிருந்து எதிர்க்கரை பம்பூஃப்ளாட்டுக்கு வண்டிகளைச் சுமந்துபோகிற பெரிய போட்டில் ஏற்றுவார்களா, மாட்டார்களா, அவ்வளவுதான். ஏற்றிக்கொண்டால் சரி. படகுத்துறை ஜெட்டியில் நின்ற ஆள் என் வண்டியையும் பின்னால் போட்டையும் பார்த்தார். "ஆனே தோ, ஹோ ஜாயேகா" என்று கையை ஆட்டினார். வரட்டும், ஆகிவிடும். டிப்பர் லாரியைச் சுமக்கிற போட்டுக்கு இதெல்லாம் ஒரு பாரமா. அவர் பார்த்தது தன் தளம் தாங்குமா என்று. என் வண்டி தாங்குமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அந்தக் கையாட்டலை நான் ஆசீர்வாதம் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

ஏறும்போது பிக்கப்பின் வால் தாழ்ந்து, சரிவில் கரகரவென்று உரசியது. முன்சக்கரங்கள் பாரமே இல்லாத மாதிரி இருந்தன. வாயிருந்தால் வண்டி அங்கேயே அழுதிருக்கும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் போட்டுக்காரர்கள். மச்சினன் குனிந்து பார்த்துவிட்டு, "அணியம் ரொம்பப் பாரமா இருக்கு அத்தான். பாரத்த அமரத்துக்கு மாத்துவோம்" என்றான். அணியம் என்றால் போட்டின் மூக்கு, பிக்கப்பைப் பார்த்து இருந்த பக்கம்; அமரம் என்றால் பின்பக்கம். கடலில் அணியம் தாழ்ந்தால் அலையைக் குத்தும், போட் முங்கும். பாரத்தைப் பின்னுக்கு நகர்த்தி, போதாவிட்டால் ஒரு ஆளையும் அங்கே உட்காரவைத்தால் அணியம் தூக்கிக்கொள்ளும். கைப்பழக்கம். யோசிக்கவே தேவையில்லை.

யோசிக்கவே இல்லை. கடல் கடப்பதற்குள் கேன்கள், நங்கூரம், அரிசி எல்லாவற்றையும் அமரத்துக்குக் கடத்தினோம். பிக்கப்பின் வால் எழும்பியது. பம்பூஃப்ளாட்டில் வெண்ணெய் மாதிரி இறங்கியது வண்டி. மச்சினன் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அமரத்தில் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தான். செக்போஸ்டில் முன்னால் வந்து ஏறிக்கொள்கிறேன் என்றான். எனக்கு எங்கள் சாமர்த்தியத்தின் மேல் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. தம்பியைக் காணவில்லை என்று தெரிந்த பிறகு வந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

இறங்கிய இடத்திலேயே தம்பி மனைவி மறுபடி கூப்பிட்டாள். ரங்கத்து ஆட்கள் இரண்டு டிங்கியில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்களாம். அந்தச் சின்னத் தீவுக்கு முன்னால் நீரோட்டம் காற்றுக்கு எதிராக அடிக்கிறது, அவர்களுடைய ஒன்பது எச்பி எஞ்சின் அதைத் தாண்டவில்லை.

"போட் இங்க இருக்கு பெரியத்தான். பெரிய எஞ்சின்தான் இல்ல. எஞ்சின மட்டும் வண்டில தூக்கிப் போட்டுக்கிட்டு வாங்க. வெரசா வந்துரலாம்ல."

"அந்த ஓட்டப் போட்டுல இந்த எஞ்சின மாட்டுனா பின்பலக பேந்துரும். ஒனக்கு இதெல்லாம் தெரியாது, வை" என்றேன்.

பேந்திருக்காது. ஒரு பலகையை உள்ளே வைத்து முறுக்கியிருந்தால் தாங்கியிருக்கும். அந்த வேலையைத்தான் நான் தினமும் செய்கிறேன். ஆனால் என் தம்பியை என் போட்டில் போய் நான்தான் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். இதை வேறு எந்தப் பெயர் சொல்லியும் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஃபெரார்கஞ்ச் தாண்டிய பிறகு ரோடு மேடும் பள்ளமுமாகப் போகும். கையில் நேரம் குறைவு. ஒரு நீண்ட இறக்கத்தில் வேகத்தைக் கூட்டினேன். ஐம்பதைத் தொட்டிருக்கும். பக்கக் கண்ணாடியில் போட்டின் அமரம் இடது பக்கம் தெரிந்தது. அப்புறம் வலது பக்கம். காற்று என்று நினைத்தேன். மறுபடி இடது, முன்னைவிட அதிகமாக. ஸ்டீயரிங் கையில் காற்றடைத்த பந்து மாதிரி லேசாக இருந்தது. பின்னாலிருந்து அலை தள்ளும்போது என்ன செய்வோமோ அதையே செய்தேன், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிராகத் திருப்பினேன். ஆட்டம் பெருகியது. வண்டியை நான் ஓட்டவில்லை, பின்னால் இருந்தது ஓட்டியது. பிரேக்கை மிதித்தேன். பிக்கப் நின்றது. பிரேக் இல்லாத அந்த இரண்டு சக்கரம் எதற்கு நிற்கும்? பிக்கப்பின் முதுகில் வந்து மோதி, எங்களைக் குறுக்கே திருப்பியது. இணைப்பு முள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அமரம் தரையில் அடித்தது. அதற்குப் பிறகு எல்லாம் அமைதியாகிவிட்டது, அந்த அமைதிதான் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

மச்சினன் ஓரத்துக் கால்வாயில் கிடந்தான். உயிர் இருந்தது. வலது தொடை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. போட் பக்கவாட்டில் கிடந்து, அடிப்பக்கம் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. எஞ்சினின் கால், தண்ணீருக்குள் இறங்குகிற பாகம், முறிந்து ரோட்டில் கிடந்தது. கேன்களிலிருந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த பஸ் நின்றது. டிரைவர் ஒரு வங்காளி, முன்பு டிராக்டர் ஓட்டியவராம். ஆட்களை இறக்கி, மச்சினனைத் தூக்க உதவினார். போட்டைப் பார்த்தார், சிதறிக் கிடந்த நங்கூரத்தைப் பார்த்தார். பாரத்தையெல்லாம் பின்னாலா வைத்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். "ஏ நாவ் தோடி ஹை, காடி ஹை" என்றார். இது படகா என்ன, வண்டியல்லவா. திட்டவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ட்ரெய்லரில் பாரம் முன்பக்கமாக இருந்து இழுக்கிற வண்டியின் மேல் கொஞ்சம் உட்கார வேண்டும், பின்னால் போனால் வால் ஆடும், ஆட ஆரம்பித்தால் கடவுள் வந்தாலும் நிற்காது என்றார்.

"கான்வாய் போயிரும். நீங்க போங்க அத்தான்" என்றான் மச்சினன், பல்லைக் கடித்துக்கொண்டு.

போக முடியும். பின்பக்கம் நசுங்கியதைத் தவிர பிக்கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரமும் இருந்தது. இவனை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் போகலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். எதைக் கொண்டு போவது? வெறுங்கையோடு போய் ஜெட்டியில் அவள் பக்கத்தில் நிற்பதற்கா? பிக்கப்பின் பின்னால் சாக்கை விரித்து மச்சினனைப் படுக்கவைத்து, வந்த வழியே திரும்பினேன். பம்பூஃப்ளாட்டில் போட்டுக்குக் காத்திருந்தபோது அவன் ஒருதடவைகூட முனகவில்லை. அவன் முனகியிருந்தால் நான் கொஞ்சம் அழுதிருப்பேன்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தம்பி மனைவிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "எஞ்சின் இருக்கா?" என்று கேட்டாள். உடைஞ்சிருச்சு என்றேன். வைத்துவிட்டாள்.

மச்சினனை உள்ளே கொண்டுபோன பிறகு வண்டியில் உட்கார்ந்து, டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். வண்டி வாங்கிய அன்று கொடுத்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் அதிகபட்சம் எழுநூற்றைம்பது கிலோ, அதுவும் வண்டியில் சுமை குறைவாக இருந்தால் மட்டும் என்று போட்டிருந்தது. வண்டியில் ஏற்றியது, உட்கார்ந்த ஆட்கள், கொக்கியின் மேல் அழுத்துகிற பாரம் எல்லாம் சேர்த்துத்தான் வண்டியின் கணக்கு. இழுக்கிற சக்தி வேறு, நிறுத்துகிற சக்தி வேறு. எழுதியிருந்தது ஒரே பக்கம். படிக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. பிறகொரு நாள் உடைந்த போட்டையும் ட்ரெய்லரையும் லாரியில் தூக்கிவந்து எடைமேடையில் வைத்துப் பார்த்தேன். பெட்ரோலும் மச்சினனும் இல்லாமலே ஒன்றரை டன்னுக்கு மேல் நின்றது முள். மூக்கில் பாரம் அழுத்தியபோது பாரத்தை நகர்த்தியிருக்கக் கூடாது, இறக்கியிருக்க வேண்டும். போட்டையே இறக்கியிருக்க வேண்டும். எஞ்சினை மட்டும் பிக்கப்பில் படுக்கவைத்து, எந்த ட்ரெய்லரும் இல்லாமல் போயிருந்தால் செவ்வாய் சாயங்காலமே அது ரங்கத்தில் இறங்கியிருக்கும்.

புதன்கிழமை காலை ஊரெல்லாம் ஒரு எஞ்சினுக்காக அலைந்தேன். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். ஒரு மலையாளி மீன் வியாபாரி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் பழைய மெத்தையில் சுற்றிப் பிக்கப்பில் போட்டுக்கொண்டு, புதன் கடைசி கான்வாயில் போனேன். காட்டுக்குள் நாற்பதைத் தாண்டக்கூடாது, நிறுத்தக்கூடாது. முன்னால் போகிற வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே போனேன். அவன் இருக்கிறான், இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரங்கத் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. கடலில் இறங்க முடியாது.

வியாழன் விடிவதற்குள் காற்று விழுந்துவிட்டது. இனி நான் கொண்டுபோன எஞ்சினே தேவையில்லை என்பதுபோல் கடல் படுத்துக் கிடந்தது. நான் ஜெட்டியில் அந்த ஓட்டைப் போட்டுக்குள் பலகை வைத்து எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தபோதே, எனக்கு முன்னால் கிளம்பிப்போன ரங்கத்து டிங்கி, அந்த ஒன்பது எச்பி, திரும்பி வந்தது. பின்னால் தம்பியின் டிங்கியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அந்தத் தீவின் மறைவில்தான் இருந்திருக்கிறார்கள்.

தம்பி உட்கார்ந்திருந்தான். உயிரோடு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் தெலுங்குக்காரரின் தலை இருந்தது, முகத்தின் மேல் தம்பியின் சட்டை. திங்கட்கிழமை அலை தூக்கியடித்ததில் அவருக்கு விலாவில் அடி. எஞ்சினும் போய், தண்ணீர்க் கேனும் போய், போனும் நனைந்து, கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கிறார்கள். அந்த உடம்பைப் பார்த்த பிறகும் எனக்குச் சந்தோஷம் குறையவில்லை. என் தம்பி பிழைத்தான் என்ற சந்தோஷம். அதை மறைத்து எழுதினால் பொய்.

தெலுங்குக்காரரின் மனைவி என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மூன்று நாளாக அந்த ஜெட்டியை விட்டு நகராதவர். அவர் அழவில்லை, படிக்கட்டில் இறங்கிப்போய்ச் சட்டையை விலக்கிப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டார்.

தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தேன். உதடெல்லாம் வெடித்திருந்தது. இரண்டு மிடறு குடித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தாருண்ணே. கண்ண மூடும்போதெல்லாம் உலுக்கி உலுக்கி எழுப்பினேன். எங்கண்ணன்கிட்ட பெரிய எஞ்சின் இருக்கு, அவனுக்கு இந்த எடம் தெரியும், இன்னைக்கு எப்படியும் வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவரும் நம்புனாரு."

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "க்யா போலா, பையா?" என்று கேட்டார். என்ன சொன்னான்?

நேற்றுச் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தாராம் என்று இந்தியில் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.